வீதியில் நாங்களும் குடியிருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் பழைய நகரப் பகுதிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இன்னும் என்னென்ன வசதிகள் செய்து தரலாம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, வழிகாட்டிப் பலகை, இரவு நேர உணவுக் கடைகள் என்று கட்டுரையாளர் பொறுப்புடன் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அவர் சொன்னவற்றில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அரைப் பக்கம் நீண்ட அந்தக் கட்டுரையில் அந்த வீதிகளில் குடியிருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் இடையில் கிழக்கு மேற்காக ஓடும் குறுக்கு வீதிகளில் ஒன்றில் 41 ஆண்டுகளாக வாழ்ந்து வருபவள் என்ற முறையில், அந்த ஒரு வரியை நான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் வீடு என் மாமனாரின் தகப்பனார் கட்டியது. கீழே திண்ணை, நடை, முற்றம், கூடம்; மாடியில் வளைவு வைத்த பெரிய ஜன்னல்கள், உருண்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும் கைப்பிடிச் சுவர். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு என்று எங்கள் ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்களே, அந்த வகை. திண்ணைக்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம் இருந்தது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எங்கள் பக்கத்தில் ஏழெட்டு வீடுகளுக்குத் தாழ்வாரம் தொடர்ச்சியாக இருந்ததால், மழை நாளில் குடை கொண்டுவராத பள்ளிப் பிள்ளைகள் அதன் அடியிலேயே நடந்து பாதி வீதியைக் கடந்துவிடுவார்கள். இப்போது எங்கள் வீட்டில் ஒரு துண்டும், எதிர் வரிசையில் ஒரு துண்டும் மிச்சம். மற்றவை சாலையை உயர்த்தியபோதும், கடைக்கு ஷட்டர் வைத்தபோதும் ஒவ்வொன்றாகப் போயின.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய நகரம் எப்போதோ அமைதியான குடியிருப்பாக இருந்தது, வணிகம் வந்து அதைக் கெடுத்துவிட்டது என்று நான் வாதிட வரவில்லை. 1693 முதல் 1699 வரை இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட கட்டம் கட்டமான திட்டத்தில்தான் இன்றும் நாங்கள் நடமாடுகிறோம். வீதிகளுக்கு அமைந்த பெயர்களைப் பார்த்தாலே செட்டி வீதி, வைசியாள் வீதி, வெள்ளாழர் வீதி என்று அந்தந்தத் தொழிலையும் சமூகத்தையும் சொல்லும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாகவும் வணிகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே வீடாகவும் வியாபார இடமாகவும் சேர்ந்து இருந்ததுதான். என் மாமனார் காலத்தில் எங்கள் வரிசையிலேயே ஒரு தட்டார் பட்டறை, ஒரு தையற்கடை, இரும்புக் கடை ஒன்று இருந்தன. தட்டார் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கும் ஓசையில் என் மகள் தூங்கப் பழகியிருந்தாள். அவர் வேலைக்கு வராத நாட்களில்தான் தொட்டிலில் சிணுங்குவாள். ஆனால் அந்தத் தட்டாரும் பட்டறைக்குப் பின்கட்டில்தான் குடியிருந்தார். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவருக்குத் தெரியும், அன்றைக்குச் சுத்தியல் மெதுவாக விழும். கடை இருந்த வீட்டில் ஆளும் இருந்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இப்போது வந்திருக்கும் மாற்றம் அதில்தான்.

சென்ற மாதம் ஒரு மாலையில் என் வீட்டு வாசலிலிருந்து மேற்கு மூலை வரை இரண்டு பக்கமும் நடந்து எண்ணிப் பார்த்தேன். கதவு எண்கள் 26. அவற்றில் ஒரு குடும்பம் இரவு சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கும் வீடுகள் 11. மற்றவை துணிக்கடை, காபிக் கடை, விடுதி, கிடங்கு, பூட்டிய வீடு. பூட்டிய வீடுகளின் கதை இந்த ஊருக்கே உரியது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். பிள்ளைகள் பாரிசிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியேறினார்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை. தாத்தாவின் வீட்டில் ஏழு பேருக்கும் ஒன்பது பேருக்கும் பங்கு இருக்கிறது. யாரும் விற்க முடியாமல், யாரும் பழுதுபார்க்காமல், வருடத்துக்கொரு முறை விடுமுறையில் வந்து பூட்டைத் திறந்து, கண் கலங்கி, மறுபடி பூட்டிவிட்டுப் போகிறார்கள். மற்றப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். என் மகளும் அப்படித்தான். ஆகவே வீட்டை விட்டுப் போனவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

தங்கிவிட்ட உரிமையாளர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வகை வீட்டைக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடுவதுதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் கேட்கும் கூலியும் நியாயம்தான், அவரைப் போல் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும், தேக்கு உத்தரத்தில் செல் ஏறாமல் பார்க்க வேண்டும். எங்கள் வீதியில் தனியாக இருந்த அம்மாள் ஒருவர், முழு வீட்டையும் விடுதிக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டோடு போனார். "மாசாமாசம் கைக்கு வருது டீச்சர், ஓடு உடைஞ்சா அவங்களே பாத்துக்கறாங்க" என்றார். அவரிடம் நான் என்ன சொல்வது? பாரம்பரிய வீடுகளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அவருடைய ஓட்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்தார்களா? எங்களுக்கு அருகிலுள்ள வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள், 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது. அது நல்ல வேலை, மறுக்கவில்லை. முகப்புக்கு உதவிய அந்தக் கை, முகப்புக்குப் பின்னால் வசிப்பவர் தொடர்ந்து வசிப்பதற்கும் நீண்டிருந்தால் அந்த அம்மாளைப் போன்றவர்கள் யோசித்திருப்பார்கள்.

என் குறை வேறு. எனக்கு அடுத்த வீடு மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கும் விடுதியானது. எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர், பொதுச்சுவர். இந்த வீதிகளில் வீட்டுக்கு வீடு சந்து விடுகிற வழக்கம் இல்லை. ஒரு நாள் காலை அந்தச் சுவரின் மறுபக்கத்தில் துளைப்பான் ஓடத் தொடங்கியபோதுதான் அங்கே வேலை நடப்பதே எனக்குத் தெரியும். மாடியில் முன்பு ஒரு கூடமும் இரண்டு அறைகளும் இருந்தன, குளியலறை பின்கட்டில் கீழே. இப்போது மாடியில் மட்டும் அறைக்கு ஒன்றாக ஆறு குளியலறைகள். பழைய மெட்ராஸ் தளம் என்பது மர உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நிறுத்தி அடுக்கியது. அதன் மேல் ஆறு குளியலறைகளின் தண்ணீரும், மொட்டை மாடியில் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளும் ஏற்றினால் என்ன ஆகும் என்று பொறியாளர் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் என் பூஜை அறைச் சுவரில் ஈரம் இறங்கியது. கையால் தடவினால் மாவு போல வெள்ளையாக ஒட்டும், நாக்கில் வைத்தால் உப்பு. சுவரில் உப்புப் பூத்திருக்கிறது என்றார் கொத்தனார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சு வாங்கிக்கொள்ளும், அந்தப் பக்கம் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டதால் வழியடைபட்ட ஈரம் என் பக்கம் வருகிறது என்று அவர் விளக்கினார். முருகன் படத்தை மாட்டியிருந்த ஆணி துருப்பிடித்து ஒருநாள் இரவு படத்தோடு கீழே விழுந்தது. சட்டம் மட்டும் உடைந்தது. அதற்குப் பிறகு படத்தைப் பலகையில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டை இருபது பேர் தங்கும் விடுதியாக்க அனுமதி கேட்கும்போது, பொதுச்சுவரைப் பகிர்ந்துகொள்கிற பக்கத்து வீட்டாருக்கு ஒரு தாள் அனுப்பித் தெரிவிக்க வேண்டாமா? அனுமதி இருந்ததா, எதற்கு இருந்தது என்று அறிய நான் மூன்று அலுவலகங்களுக்கு நடந்தேன். ஒவ்வோர் இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். கட்டட வரைபடம் ஓரிடத்தில், தொழில் உரிமம் ஓரிடத்தில், சுற்றுலாப் பதிவு மற்றோரிடத்தில் என்றார்கள். சுவர் யாருடைய பொறுப்பு என்பதற்கு மட்டும் மூவரிடமும் விடை இல்லை.

முன்பு அந்த வீட்டில் ஓய்வு பெற்ற அஞ்சலக ஊழியர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். எங்கள் பகுதிக்கு நகரக் குழாயில் தண்ணீர் வருவதற்கு நேரம் உண்டு. கடலோரமாதலால் போர்வெல் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது, ஆகவே குழாய்த் தண்ணீரைத் தவறவிட்டால் அன்றைய சமையலுக்குத் திண்டாட்டம்தான். நான் பள்ளிக்குக் கிளம்பிவிட்ட நாட்களில் அவர் மனைவிதான் எங்கள் வீட்டுத் தொட்டியை நிரப்பி மூடுவார். சாவி அவர்களிடமே இருக்கும். இப்போது விடுதியில் மேலாளர் என்று ஒரு பையன் இருக்கிறான். நல்ல பையன், ஆனால் நாலைந்து மாதத்துக்கொருவன் மாறுகிறான். இதுவரை எட்டுப் பேரைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவனுக்கும் நான் புதிதாக அறிமுகமாகி, சாக்கடை மூடி எங்கே இருக்கிறது, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் அவன் வேறு ஊருக்குப் போய்விடுகிறான். நான்காவது பையனுக்கு மட்டும் என் மேல் கொஞ்சம் பாசம் இருந்தது, பொங்கலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

சனி, ஞாயிறு இரவுகளைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முழுமையடையாது. வெள்ளி மாலையிலிருந்தே வெளியூர்ப் பதிவு எண் கார்கள் எங்கள் வீதிக்குள் வரத் தொடங்கும். கடற்கரைச் சாலையை மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள், அது நடப்பவர்களுக்கு எவ்வளவு சுகம் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் அங்கே நிற்க முடியாத வண்டிகள் எங்கேயாவது நிற்க வேண்டும் அல்லவா? கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் நிரம்பினால், இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி எங்கள் பக்கம்தான் வரும். இரவு பன்னிரண்டு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். சின்னச் சக்கரம் வைத்த அந்தப் பெட்டி கல் பாவிய நடைபாதையில் உருளும் ஓசையைக் கேட்டிராதவர்களுக்கு நான் விவரிக்க இயலாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது வருவதைப் படுத்தபடியே கணக்கிட்டுக்கொண்டு கிடப்பேன். பிறகு தவறான கதவைத் தட்டுவார்கள். திண்ணை உள்ள வீடெல்லாம் விடுதி என்ற நினைப்பு. ஒரு முறை ஓர் இளைஞர் என் திண்ணையில் ஏறி உட்கார்ந்து, கைப்பேசியில் என் வீட்டுக் கதவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து நான் வந்ததும் திடுக்கிட்டு, "சாரி, இங்க ஆள் இருக்காங்களா?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை வாசல் தெளிக்க வந்தால் வாடகை ஸ்கூட்டர்கள் மூன்று, படிக்கட்டுக்கு நேரே. என் வாசல் அகலமே நாலு முழம்தான். ஸ்கூட்டருக்கு அடியில் கோலம் போட முடியாது. மார்கழியில் ஒருநாள் பிடிவாதமாகப் போட்டேன், சக்கரத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து. எட்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள், கோலத்தின் நடுவே இரண்டு ஓட்டை. இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம், நானும்தான் சிரித்தேன். ஆனால் என் மாமியாருக்கு 88 வயதில் மூச்சுத்திணறல் வந்த ஞாயிற்றுக்கிழமை இரவில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 108க்குச் சொன்னோம், வண்டி விரைவாகவே வந்துவிட்டது. ஆனால் மூலையில் திரும்ப முடியவில்லை. இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் ஒரு வண்டி புகும் இடம்கூட இல்லை. விடுதிப் பையனை எழுப்பினேன். "ஆன்ட்டி, அது கெஸ்ட்டோட வண்டி, சாவி அவங்க ரூம்ல இருக்கு, போன் எடுக்க மாட்றாங்க" என்றான், அவனும் பதறித்தான் போனான். கடைசியில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கி, மூலையிலிருந்து என் வீடு வரை நடந்து வந்து, மாமியாரைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். தட்டார் பட்டறை இருந்த வீட்டின் வாசலில் ஒரு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார்கள். அவர் பிழைத்து வீடு திரும்பினார், அதன்பின் மேலும் ஒன்றரை ஆண்டு எங்களோடு இருந்தார்.

ஓசையைப் பற்றிச் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும்தான் வரம்பு. வணிகப் பகுதியென்றால் பகலில் 65, இரவில் 55. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு சத்தமாகக் கேட்கும் என்று அறிவியல் ஆசிரியை என்ற முறையில் நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆகவே எங்கள் வீதி எந்த வகை என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. குடியிருப்பு என்று எழுதினால் ஒரு தூக்கம், வணிகம் என்று எழுதினால் வேறு தூக்கம். இருபத்தாறில் பதினொரு வீடு என்ற கணக்கு ஒன்பதாகி, ஏழாகும்போது, யாரோ ஒருவர் பேனாவை எடுத்து வகையை மாற்றிவிட்டால், மீதமுள்ள ஏழு வீட்டாரும் சட்டப்படியே சத்தத்தில் படுக்க வேண்டியதுதான். இரண்டு வீதி தள்ளி மொட்டை மாடியில் மதுக்கூடத்தோடு கூடிய உணவகம் ஒன்று இருக்கிறது. காற்று கடலிலிருந்து அடிக்கும் இரவுகளில் அதன் பாட்டின் அடித்தாளம் மட்டும் எங்கள் ஜன்னல் கண்ணாடியில் வந்து இறங்கும், பாட்டு கேட்காது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கோவில் ஒலிபெருக்கியும் சத்தம்தான், அரசியல் கூட்டமும் சத்தம்தான். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடினால் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாது. ஆனால் அந்தச் சந்தையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை; என் மகளின் பள்ளிப் பைகளையும், வீட்டுப் போர்வைகளையும், ஏன், இந்தக் கடிதம் எழுதும் மேசைமேல் விரித்திருக்கும் துணியையும் அங்கேதான் வாங்கினேன். சந்தை எப்போது வரும், எப்போது கலையும் என்று எங்களுக்குத் தெரியும். மாசி மகத்தன்று சாமிகள் வைத்திக்குப்பத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகும்போது ஊரே அதிரும், சம்பா கோவில் என்று நாங்கள் சொல்லும் மாதா பேராலயத்தில் டிசம்பர் 8 திருவிழாவுக்கு வேட்டும் மணியும் உண்டு. அவற்றுக்கெல்லாம் நாள் இருக்கிறது, நாங்களும் அதில் இருக்கிறோம். வாரத்துக்கு மூன்றிரவு, ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரம் என்று வரும் சத்தத்தில் எங்களுக்கு எந்த இடமும் இல்லை.

இவற்றையெல்லாம் எழுதி நான் முறையாகப் புகார் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, அலுவலர் ஒருவர் நேரில் பார்வையிட வந்தார். வந்ததே பெரிது என்று மோர் கொடுத்து உபசரித்தேன். அவர் வாசலில் நின்று கிழக்கும் மேற்கும் பார்த்தார். வீதியில் ஒரு பூனையும், இளநீர் வண்டிக்காரரும் மட்டும் இருந்தார்கள். "அமைதியாத்தானே இருக்கு டீச்சர்?" என்றார். பூஜை அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்து வருத்தப்பட்டார், அது தம் துறை அன்று என்றார். அவர் எழுதிக்கொண்டு போன அறிக்கையில் என்ன இருந்தது என்பதை நான் ஊகித்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் யாரிடம் போக வேண்டும்? தமிழ்நாட்டில் இருக்கும் என் தங்கை, கடலூரில் தன் வார்டு கவுன்சிலரைத் தெருவிலேயே நிறுத்தித் திட்டுகிறாள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நகராட்சி ஆட்சிமுறை 1880லேயே வந்துவிட்ட ஊர் இது; பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மேரி என்று அழைக்கப்பட்ட நகர மன்றக் கட்டடம் கடற்கரையில் கம்பீரமாக நின்றது. விடுதலைக்குப் பின் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல், 38 ஆண்டுகள் கழித்து. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஐந்து ஆண்டுக்கொரு முறை நகராட்சிக்குத் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 முதல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வருகிறது. 2014 நவம்பரில் மழைக்கு மேரி கட்டடம் இடிந்து விழுந்தது, ஊரே போய்ப் பார்த்து அழுதது. பழைய வடிவத்திலேயே அதைத் திரும்பக் கட்டி, 2021இல் திறந்தும் வைத்துவிட்டார்கள். இரவில் விளக்கு போட்டால் அழகாகவே இருக்கிறது. அங்கே உட்கார வேண்டிய மன்ற உறுப்பினர்கள் மட்டும் இன்னும் வரவில்லை.

அதிகாரிகள் மோசம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் சட்டமன்ற உறுப்பினரும் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடியவர்தான். ஆனால் சாக்கடை மூடிக்கும், பொதுச்சுவர் ஈரத்துக்கும், ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத மூலைக்கும் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போவது முறையில்லை. அந்த மூலையைத் தினமும் தானும் கடந்து போகிற ஒருவர் வேண்டும். விடுதி நடத்துகிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, உணவகக்காரர்களுக்கும் வணிகர்களுக்கும் சங்கம் இருக்கிறது. அவர்கள் போய்ப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். பதினொரு வீட்டாருக்கு இருக்க வேண்டிய சங்கம் நகராட்சி மன்றம்தான், வேறு எதுவும் இல்லை.

ஆகவே தங்கள் கட்டுரையாளரின் பட்டியலோடு என் பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பழைய நகரத்தில் வீட்டை விடுதியாகவோ உணவகமாகவோ மாற்ற விண்ணப்பம் வந்தால், பொதுச்சுவர் பகிர்ந்துகொள்ளும் இரு பக்கத்து வீட்டாருக்கும் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவு செய்யட்டும். பழைய தளம் எடை தாங்குமா என்று பொறியாளர் சான்று வாங்கட்டும். கடற்கரைச் சாலையை நடப்பவர்களுக்காகத் தினமும் மூட முடிகிற நிர்வாகம், எங்களைப் போன்ற வீதிகளில் ஒரு பக்கத்தையாவது இரவில் குடியிருப்போர் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒதுக்கி வைக்க முடியாதா? அதற்குப் பெரிய பணம் வேண்டாம், இரண்டு பலகையும் வெள்ளி, சனி இரவுகளில் ஒரு காவலரும் போதும். வெளியூர் வண்டிகளுக்கு நகர எல்லையிலேயே நிறுத்துமிடம் அமைத்துச் சிற்றுந்து விட வேண்டும் என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியதை நான் இரு கையாலும் ஆதரிக்கிறேன். பழைய வீட்டில் குடும்பமாகவே தொடர்ந்து வாழ்கிறவர்களுக்கு வீட்டு வரியில் ஏதேனும் சலுகை தரலாம். கொத்தனார் கூலிக்காவது ஆகும். நகராட்சித் தேர்தலை எப்போது நடத்துவீர்கள் என்ற கேள்வியைத் தங்கள் நாளிதழ் இந்த ஆண்டாவது விடாமல் கேட்க வேண்டும்.

என் புகாரின் பேரில் மறுபடி யாராவது பார்வையிட வருவதாக இருந்தால், செவ்வாய்க்கிழமை காலை வேண்டாம். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வரட்டும். திண்ணையில் தாராளமாக நான்கு பேர் உட்காரலாம். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். காபி போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
மிஷன் வீதி அருகில், புதுச்சேரி.